விரும்பியவர்கள் முதலில் எழுதட்டும்

நடுவர் அவர்களுக்கும் கிளிநொச்சிச் சபைக்கும் வணக்கம். உலக வர்த்தக விதிகளைத் திருத்த எது வழி: முக்கிய தொழில்நுட்பத் துறைகளுக்கென விரும்பிய நாடுகள் மட்டும் செய்யும் தனி உடன்படிக்கையா, எல்லா நாடுகளும் சேர்ந்த ஒரே முடிவா? நாங்கள் முதலாவதன் பக்கம்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "நாலு பணக்கார நாடுகள் கதவைப் பூட்டிவிட்டுப் பேசினால், நாங்கள் முற்றத்தில்தான் நிற்கவேண்டும்." நியாயமான பயம். ஆனால் கதவைப் பூட்டத்தான் வேண்டுமா? 1996இல் சிங்கப்பூரில், கணினி போன்ற பொருட்களின் இறக்குமதி வரியை நீக்கும் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை பிறந்தபோது சேர்ந்தவர்கள் 29 பேர். அந்தப் பொருட்களின் உலக வர்த்தகத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் உள்ளே வந்தால்தான் அமுலாகும் என்று எழுதினார்கள். 1997இல் வந்தது. வரிக்குறைப்பை அவரவர் உலக வர்த்தக அமைப்பில் உள்ள தம் அட்டவணையில் பதிந்ததால், கையொப்பமிடாத உறுப்புநாட்டின் சரக்குக்கும் அதே பூச்சிய வரிதான். வன்னித் தோட்டத்தில் நீரிறைக்கும் மோட்டரை ஓட்டுகிற சோலார் தகட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அதிலுள்ள சூரியக்கலங்கள் 8541 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் அந்தப் பட்டியலில் இருப்பவை.

உலக வர்த்தக அமைப்பின் 166 உறுப்பினரும் தலையாட்டும்வரை காத்திருந்தால்? எல்லா உறுப்பினரும் சேர்ந்து வர்த்தக விதிகளைத் திருத்தும் தோஹாப் பேச்சு 2001இல் தொடங்கியது, இன்னும் கரைசேரவில்லை. அமெரிக்கா நியமனங்களை மறித்ததால், வர்த்தக வழக்குக் கேட்க மூவர் தேவைப்படும் அதன் மேன்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் தமக்குள் இடைக்கால மேன்முறையீட்டு ஏற்பாடு செய்துகொண்டன. விரும்பியவர் சேரலாம். அதுவும் எங்கள் வழிதான்.

1996 உடன்படிக்கையில் ஓட்டை உண்டு, மறைக்கமாட்டேன். அது இறக்குமதி வரியைத்தான் தொட்டது. இன்றைய சண்டை வேறு இடத்தில். 2022இல் அமெரிக்கா சிப் தொழிலுக்கு 52.7 பில்லியன் டொலர் ஒதுக்கியது. 2023 ஓகஸ்டில் சீனா, சிப் செய்ய உதவும் கலியம், ஜெர்மானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது. ஆகவே புதிய உடன்படிக்கையில் மானியக் கணக்கு வெளிவரவேண்டும், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு முன்னறிவித்தல் வேண்டும்.

எங்களுக்கு இன்னொன்றும் வேண்டும். கொக்கிளாய்க்குத் தெற்கே, புல்மோட்டைக் கரையின் கருமணலை அள்ளி வலுவான காந்தத்தைக் காட்டுங்கள்: இல்மனைட் ஒட்டிக்கொள்ளும். தைட்டேனியத்தின் தாது. அப்படியே கப்பலேற்றினால் மணல் விலை, இங்கேயே பதப்படுத்தினால் மதிப்பு எங்களுடையது. இப்போதைய விதி ஏற்றுமதி வரியைத் தடுப்பதில்லை, ஏற்றுமதித் தடையைத்தான் தடுக்கிறது. இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியது, 2022இல் உலக வர்த்தக அமைப்பின் வழக்கில் தோற்றது. பதப்படுத்தும் தொழிலை நிலைநாட்டும்வரை, சில ஆண்டுகளுக்கு, வளரும் நாடு மூலத்தாதுவைத் தடுத்துவைக்கலாம் என்ற பிரிவை உடன்படிக்கைக்குள் எழுதுவிக்கவேண்டும். அதற்கு, முதல் வரைவு எழுதும் நாளிலேயே இலங்கை மேசையில் இருக்கவேண்டும்.

எதிரணிக்கு என் கேள்வி இதுதான்: இந்தப் பிரிவுக்கு 166 நாடுகளையும் எந்த ஆண்டில் சம்மதிக்க வைப்பீர்கள்?