புலம்பெயர்ந்தோர் கதைகளில் மரபு கைத்தாங்கலா, கால்கட்டா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கைத்தாங்கல்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஜும்பா லாஹிரி 2003-இல் எழுதிய 'தி நேம்சேக்' நாவலைக் காட்டி, "பெற்றோர் வைத்த பெயரே பிள்ளையின் கழுத்தை நெரித்தது" என்றார். அமெரிக்காவில் குடியேறிய வங்காளித் தம்பதியின் மகன் கோகோலின் கதை அது. சரி, அந்தப் பெயரையே பார்ப்போம். கோகோல் என்பது வங்காளப் பெயரா? ரஷ்ய எழுத்தாளர் ஒருவரின் குடும்பப் பெயர்! வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், 'டாக்நாம்'. வெளியுலகுக்கு ஒரு பெயர், 'பாலோநாம்'. அந்த வெளியுலகப் பெயரைத் தேர்ந்தெடுத்து அம்மாவின் பாட்டி கல்கத்தாவிலிருந்து கடிதம் போடுகிறார். கடிதம் வந்து சேரவே இல்லை. பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் தராமல் அமெரிக்க மருத்துவமனையிலிருந்து பிள்ளையோடு கிளம்ப முடியாது என்கிறார்கள். அவசரத்துக்குக் கோகோல் என்ற செல்லப்பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். அப்புறம் பள்ளியில் 'நிகில்' என்ற பாலோநாமோடு சேர்க்கப் போனால், பையன் கோகோல் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறான் என்று தலைமையாசிரியை அதையே பதிந்துவிடுகிறார். மரபில் இரண்டு பெயருக்கும் இடம் இருந்தது. படிவத்தில்தான் இல்லை.

இன்னொன்று. 1961-இல் நடந்த ரயில் விபத்தில் அப்பா பிழைத்ததே, அந்த ரஷ்ய எழுத்தாளரின் புத்தகத் தாள் ஒன்று கையிலிருந்து விழுவதை மீட்க வந்தவர்கள் பார்த்ததால்தான். மகனிடம் அதை எப்போது சொல்கிறார்? அவன் நீதிமன்றம் போய்ப் பெயரை மாற்றிக்கொண்ட பிறகு! அந்தப் பிள்ளையை வதைத்தது மரபு அல்ல, வீட்டில் பேசாமல் விட்ட கதை. படிக்கும்போது எனக்கு மனசு ஆறவே இல்லை.

அப்பா இறந்ததும் என்ன நடக்கிறது? மீனும் கறியும் விலக்கிய துக்கச் சாப்பாடு. சின்ன வயதில் அவனுக்கு எரிச்சல் தந்த அதே சாப்பாடு. இப்போது காலியான நாற்காலிக்கு முன்னால் அம்மாவோடும் தங்கையோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த நாட்களில் அவனுக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிவது அது ஒன்றுதான். கால்கட்டு இப்படியா தாங்கும், நடுவர் அவர்களே?

கடைசிக் காட்சிக்கு வாருங்கள். விற்கப்போகும் வீட்டில் கீழே விருந்து நடக்கிறது. மாடியில், பதினான்காம் பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்து இத்தனை வருடம் திறக்காமலே கிடந்த, அந்த ரஷ்ய எழுத்தாளரின் புத்தகத்தை எடுத்து, பிள்ளை படிக்க உட்காருகிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.