முதல் ஓலைக்கு முன்னால்

(கிறிஸ்துமஸை ஒட்டி பாம்பனில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், இடமில்லாமல் வாசலில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மேல்நாடுகளில் டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் காதல் கதைகள் புத்தகமாகவும் படமாகவும் வந்து குவியும். அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது பொய்ச்சோடிக் கதை. ஊருக்குப் போனால் 'எப்போ கல்யாணம்?' என்று துளைத்தெடுப்பார்களே என்று பயந்து, ஒருத்தி தெரிந்த பையன் ஒருவனைக் கூட்டிவருவாள். 'இவரைத்தான் கட்டிக்கப் போறேன்' என்பாள். பண்டிகை முடிவதற்குள் நடிப்பு நிஜமாகிவிடும். அங்கே பனி கொட்டும், இங்கே வாடைக்காற்று அடிக்கும். ஆனால் இந்தக் கதை நம் கரைக்கு வந்தால் இன்னும் ஆழமாகும் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாம் நெய்தல் நிலத்துக்காரர்கள். பழைய அகப்பாட்டில் களவு என்றால் என்ன? உறவு இருக்கிறது, ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். ஊர் முதலில் வாய்க்குள் முணுமுணுக்கும், அது அம்பல். பிறகு வாய்விட்டே பேசும், அது அலர். அலர் எழுந்துவிட்டால் கல்யாணத்துக்கு வழி பார்த்தாக வேண்டும். பொய்ச்சோடிக் கதை இதை அப்படியே தலைகீழாகப் போடுகிறது. உறவு இல்லை, இருப்பதாக ஊருக்குக் காட்டுகிறார்கள். ஆனால் அலர் செய்யும் வேலை மட்டும் மாறவில்லை! அங்கேயும் இங்கேயும் அந்த இருவரையும் ஒருவரை நோக்கி ஒருவரைத் தள்ளுவது ஊர்வாய்தான்.

நான் எழுத நினைத்திருக்கும் கதையைச் சொல்கிறேன். அவள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண், சென்னையில் நர்ஸ். அவன் அதே ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்க்கும் மதுரைப் பையன். 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அந்தப் புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து வருகிறது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அக்கரை வருவதற்குள் அவனுக்குப் பாடம் நடத்துகிறாள்: அப்பா பேர், அம்மா பேர், எங்கே பார்த்துப் பழகினோம், எத்தனை நாளாக. எல்லாம் ஒப்பித்துவிட்டான். ஒன்றை மட்டும் அவள் சொல்லித்தர மறந்துபோனாள். வாசலில் அவள் அம்மாவைப் பார்த்ததும் அவன் தானாகவே "நல்லாருக்கீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டான்.

தமிழில் பொய் சொல்வதில் இருக்கிற சிக்கல் இதுதான். முறை வைத்துக் கூப்பிடாமல் இந்த நாடகத்தை நடத்தவே முடியாது. 'அத்தை' என்று ஒருமுறை சொன்னால் அந்த அம்மாவுக்கு அவன் மருமகன். குழம்பில் கிடந்த பெரிய மீன் துண்டு அவன் தட்டுக்குப் போயாயிற்று. இனி அதைத் திருப்பி எடுக்க முடியுமா?

அந்த அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கை கிழியாமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு தென்கடலில் முங்கும் பெண்களை உங்களுக்குத் தெரியும். மறுநாள் விடியற்காலையில் அவன் எழுந்துவந்து பார்க்கிறான். இடதுகை விரல்களில் சுற்றியாகிவிட்டது. வலதுகைக்குச் சுற்ற முடியாமல் துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். இவன் எதிரே உட்கார்ந்து அந்தக் கையை வாங்கி, ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற பக்குவத்தில், மூட்டு மடங்க இடம்விட்டுச் சுற்றி முடிச்சுப் போடுகிறான். அதை அவள் கதவோரம் நின்று பார்க்கிறாள். பொய் அந்த இடத்தில்தான் இற்றுப்போகிறது. காதலைச் சொல்ல அதற்கு மேல் ஒரு வசனமும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்த வீட்டில் ஒரு அப்பத்தா உண்டு. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பிவந்த பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருக்கும்போது ஊரே கடலுக்குள் போனது. அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலின் கூரையில்லாத சுவர்களை இப்போதும் நாம் பார்க்கிறோம். டிசம்பர் பிறந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கரையில் ஒரு கிறிஸ்துமஸ் கதை சிரிக்கவைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். குடிலுக்கு ஆற்றுமணல் பரப்பிக்கொண்டே அப்பத்தா பேத்தியிடம் கேட்கிறார்: "பொய்யின்னு எனக்கு வந்த அன்னைக்கே தெரியும்டி. அவனுக்குத் தெரியுமா, இப்ப பொய்யில்லையின்னு?"

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் இங்கே வழக்கமாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் டிசம்பரில் சொன்ன பொய்க்கு ஜனவரி வரைக்கும் ஆயுசு உண்டு. அவள் அப்பாவோ, நடுச்சாமப் பூசை முடிந்த கையோடு பங்குச்சாமியைப் பார்த்து ஓலை வாசிக்க நாள் கேட்டுவிட்டார்! கோயிலில் ஓலை வாசிப்பது சின்ன விஷயமா? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபை முழுவதையும் கேட்பது அது. வாயால் சம்மதம் சொல்லிவிட்டு மனதுக்குள் மறுத்தால் அந்தத் திருமணமே செல்லாது என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். அதற்காகத்தான் ஓலைக்கு முன்னால் பெண்ணையும் பையனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஊரை ஏமாற்றியவர்கள் அந்த அறைக்குள் என்ன சொல்வார்கள்? கதையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. கடற்கரையிலோ நட்சத்திர விளக்குக்குக் கீழேயோ இல்லை.

முதலில் அவன் உள்ளே போய்விட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். அடுத்தது அவள் முறை.

சாமி கேட்கிறார்: "இந்தக் கல்யாணத்துக்கு யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"இல்ல சாமி. நான்தான் அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டியாந்தேன்."

"அவரும் அதையேதான் சொன்னாரு," என்று சாமி பேனாவைத் திறந்தார்.