மெர்லினுக்குத் தாடி எங்கே? ஒரு தொடரைத் திட்டித் தீர்த்தவர்களும் அழுது தீர்த்தவர்களும்

(திரை இருட்டாக இருக்கிறது. தண்ணீர் அலையும் ஓசை மட்டும்.)

2012 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. பிரிட்டனில் பாட்டி முதல் எட்டு வயதுப் பேரன் வரை டிவி முன்னால் கூடியிருக்கிறார்கள். ஐந்து வருடங்களாகச் சேர்ந்து பார்த்துச் சிரித்த 'மெர்லின்' தொடருக்கு அன்று கடைசி எபிசோடு. பண்டிகை நேரம் பார்த்து பிபிசி அவர்களுக்கு என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? பழைய பிரிட்டானியக் கதைகளில் வரும் ஆர்தர் அரசரைக் கொன்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆர்தர் சாகப்போகிறார் என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. தாமஸ் மாலரி எழுதிய புத்தகம் 1485இல் அச்சுக்கு வந்தது. அதன் தலைப்பே 'ஆர்தரின் மரணம்' என்றுதான் பொருள்படும். ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே அட்டையிலேயே முடிவைப் போட்டுடைத்துவிட்டார்கள். பிறகும் ஏன் இத்தனை அழுகை, இத்தனை கோபம்? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

(தலைப்பு இசை)

வணக்கம். தொடரைப் பார்க்காதவர்களுக்காக அரை நிமிட அறிமுகம், பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் 'மெர்லின்'. பிபிசி ஒன் சேனலில் 2008 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. ஐந்து சீசன், சீசனுக்கு 13, ஆக மொத்தம் 65 எபிசோடு. காமெலாட் என்ற நாட்டில் யூதர் பென்ட்ராகன் என்ற அரசர் மந்திரத்தைத் தடை செய்திருக்கிறார். மீறினால் தலை போகும். அந்த ஊருக்குப் பிறவியிலேயே மந்திர சக்தி கொண்ட ஒரு பையன் வந்து சேர்கிறான். வந்தவனுக்குக் கிடைத்த வேலை, அரசரின் மகன் ஆர்தருக்குப் பணியாள். மெர்லினாகக் கோலின் மார்கன், ஆர்தராகப் பிராட்லி ஜேம்ஸ். அறிமுகம் முடிந்தது.

இப்போது சண்டைக்கு வருவோம்.

முதல் சீசனிலேயே ஒரு கூட்டம் கொதித்தது. ஆர்தர் கதைகளின் மந்திரவாதி மெர்லின் என்றால் நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, கையில் கோல், கண்ணில் ஆயிரம் வருட ஞானம். இங்கேயோ கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஆர்தரின் பூட்ஸைத் துடைக்கும் ஓர் இளைஞன். கோட்டைக்கு அடியில் எதற்கு ஒரு டிராகன்? ஆர்தரின் ராணி கினிவியர் எப்படிக் கொல்லன் மகள் ஆனாள்? 'இது உண்மையான கதையே இல்லை' என்பதுதான் அவர்களின் ஒரே குற்றச்சாட்டு.

சரி, உண்மையான கதை எது? பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கலாம் வாருங்கள். சொல்லிவைக்கிறேன், இந்த இடத்தில் நான் கொஞ்சம் நீட்டுவேன்.

(திரையில் வேல்ஸ் நாட்டு மலை ஒன்று)

ஒன்பதாம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட பிரிட்டானியர் வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் வோர்டிகர்ன் என்ற அரசன் வேல்ஸ் மலைகளில் கோட்டை கட்டப் பார்க்கிறான். சேர்த்துவைத்த கல்லும் மரமும் ஒரே இரவில் காணாமல் போகின்றன. மூன்று முறை இப்படியே. அரசனின் ஆலோசகர்கள் யோசித்துச் சொன்ன வழி என்ன? தகப்பன் இல்லாத ஒரு பையனைக் கண்டுபிடித்து, அவன் ரத்தத்தைத் தெளிக்க வேண்டுமாம். பையனைப் பிடித்து வருகிறார்கள். அவன் அழவில்லை. 'இந்த இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்கள் அறிஞர்களுக்குத் தெரியுமா?' என்று திருப்பிக் கேட்கிறான். யாருக்கும் தெரியவில்லை. தோண்டுகிறார்கள். ஒரு குளம், அதற்குள் சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, இரண்டு பெரும் நாகங்கள் எழுந்து சண்டை போடுகின்றன. இன்றைக்கு வேல்ஸ் நாட்டுக் கொடியில் சிவப்பு டிராகன் இருக்கிறதல்லவா, அதற்கு ஊரில் சொல்லும் கதை இதுதான்.

அந்தப் பையனின் பெயர் அம்ப்ரோசியஸ். 1136 வாக்கில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்பவர் இதே கதையை எடுத்து எழுதும்போது அந்தப் பையனுக்கு வைத்த பெயர் மெர்லின்.

புரிகிறதா? அந்தப் பெயரோடு ஆர்தர் கதைக்குள் நுழைந்த முதல் மெர்லினுக்குத் தாடி முளைக்கும் வயதே ஆகவில்லை. பையன், கட்டடம், கட்டடத்துக்கு அடியில் டிராகன், எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பிபிசி புதிதாகக் கிறுக்கியது என்று எதைத் திட்டினார்களோ, அதுதான் இருப்பதிலேயே பழைய சரக்கு!

இன்னொன்று. தொடரில் ட்ரூயிட் என்ற மந்திரம் அறிந்த மக்கள் மெர்லினை 'எம்ரிஸ்' என்று அழைப்பார்கள். ஏதோ மாயப் பெயர் என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். வேல்ஸ் மொழியில் அம்ப்ரோசியஸ் என்ற பெயரின் வடிவமே எம்ரிஸ். அந்தக் கோட்டைக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் மலைக்கு இன்றும் 'எம்ரிஸின் கோட்டை' என்ற பொருளில்தான் பெயர். திரைக்கதை எழுதியவர்கள் வீட்டுப்பாடம் செய்துவிட்டு, செய்யாததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெர்லின் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. வேல்ஸ் மொழியில் அவர் பெயர் மிர்தின். லத்தீனில் நேராக எழுதினால் 'மெர்தினுஸ்' என்று வரும். அப்போது இங்கிலாந்தை ஆண்ட, பிரெஞ்சு பேசும் நார்மன் பிரபுக்களின் காதில் அது மலத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டியிருக்கும், அதனால்தான் ஜெஃப்ரி ஓர் எழுத்தை மாற்றி 'மெர்லினுஸ்' ஆக்கினார் என்று ஓர் ஆய்வாளர் ஊகம் உண்டு. உலகப் புகழ்பெற்ற மந்திரவாதி மயிரிழையில் தப்பினார்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று பாக்கி இருக்கிறது. ஜெஃப்ரியின் வரலாற்றில் மெர்லினும் ஆர்தரும் சந்திப்பதே இல்லை. டின்டாஜெல் கோட்டையில் ஆர்தர் கருவாவதற்கு வழிசெய்வதோடு மெர்லின் கதையிலிருந்து நழுவிவிடுகிறார். குரு, சீடன், நண்பன் எல்லாமே பின்னால் வந்தவை. ஆர்தரின் வீரர்கள் சுற்றி உட்காரும் வட்ட மேசை 1155இல் வேஸ் என்ற கவிஞர் கொண்டுவந்து போட்டது. ராணி கினிவியர்மேல் லான்ஸ்லாட் என்ற வீரன் கொண்ட காதலும் காமெலாட் என்ற ஊர்ப் பெயரும் கிரெத்தியான் என்ற பிரெஞ்சுக் கவிஞரிடம்தான் முதலில் வருகின்றன. ஆர்தர் கல்லிலிருந்து வாளை உருவும் காட்சி 1200 வாக்கில் ரொபேர் த பொரோன் என்ற கவிஞர் சேர்த்தது. வந்தவர் போனவர் எல்லாம் ஆளுக்கொரு செங்கல் வைத்த வீடு இது. வால்மீகியிடம் இல்லாததைச் சேர்த்தார் என்று நாம் கம்பர்மேல் வழக்கா போட்டோம்?

தொடரில் காமெலாட்டாக வரும் கோட்டைகூட இப்படித்தான். அது பிரான்ஸில் உள்ள பியர்ஃபோன். இடிந்து கிடந்ததை மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் 1857 முதல் புதுப்பித்தார். இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரோ அப்படியே கட்டினார். அந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது.

கினிவியர் விஷயத்துக்கு அதிக நேரம் ஒதுக்கப்போவதில்லை. அவளாக நடித்த ஏஞ்சல் கூல்பியின் தோல் நிறத்தைக் காட்டி 'அந்தக் காலத்தில் இப்படி இருக்காது' என்றார்கள் சிலர். டிராகன் பேசுவதை ஒப்புக்கொண்டவர்களுக்கு இது உறுத்தியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு டச்சுக் காவியம் ஒன்றில் மோரியன் என்ற கறுப்பின வீரனே கதாநாயகன், அதுவும் ஆர்தர் கதை உலகில். மேலே போகலாம்.

(ஏரிக் காட்சி)

கதையை மாற்றிவிட்டார்கள் என்ற கட்சிக்கு என் ஓட்டு இல்லை. ஆனால் அழுதவர்கள் கட்சி வேறு. அவர்களுடைய கோபம் நியாயமானது.

வாரா வாரம் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆர்தருக்கு ஆபத்து வரும். மெர்லின் மந்திரம் போடப்போகும் அந்த நொடியில் ஆர்தர் மயங்கி விழுவார், அல்லது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தலை ஐந்து வருடத்தில் எத்தனை அடி வாங்கியது! எழுந்ததும் தன்னைக் காப்பாற்றியவனையே முட்டாள் என்று திட்டுவார். நாம் சிரிப்போம். சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வியை அடுத்த வாரத்துக்கு எடுத்துப் போவோம்: இவருக்கு எப்போது தெரியும்?

கடைசி எபிசோடில்தான் தெரிகிறது. கேம்லான் போரில், எதிரிப் பக்கம் சேர்ந்த மோர்ட்ரெட் என்ற வீரனின் வாள் பட்டு ஆர்தர் சாகக் கிடக்கும்போது, தான் மந்திரவாதி என்று மெர்லின் அழுதுகொண்டே சொல்கிறான். ஆர்தர் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை, பயந்து விலகுகிறார். பிறகு ஏரியை நோக்கிப் போகும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பேச்சு திரும்புகிறது. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்கிறார். சொல்வது 'நன்றி'. அவ்வளவுதான், போய்விடுகிறார். இருவருக்கும் இடையில் இருந்தது காதலே என்று பார்த்தவர்களும் உண்டு, நட்பு என்று பார்த்தவர்களும் உண்டு. கண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நான் அந்தக் காட்சியை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஆராய்ச்சிக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

கோபம் ஆர்தர் செத்ததற்காக இல்லை. முதல் சீசனிலிருந்து ஜான் ஹர்ட் தன் கரகரத்த குரலில் டிராகனாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாரே: நீங்கள் இருவரும் சேர்ந்து ஆல்பியனை, அதாவது பழைய பிரிட்டனை, ஒன்றாக்குவீர்கள், மந்திரம் மீண்டும் விடுதலை பெறும் என்று. அந்தப் பொற்காலத்தில் ஒரு நாளையாவது காட்டினார்களா? குவென், அதாவது கினிவியர், அரியணையில் உட்காருகிறாள், வீரர்கள் வாழ்த்து முழங்குகிறார்கள், காமெலாட்டை அத்துடன் மூடிவிட்டார்கள். சட்டம் மாறியதா என்றுகூடச் சொல்லவில்லை. ரகசியம் உடைந்தால் நகைச்சுவை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான்காவது சீசன் முடிவிலேயே உடைத்திருக்கலாம். உண்மை தெரிந்த ஆர்தர், அப்பா போட்ட சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடும் 13 எபிசோடு! எழுதாமலே விட்டுவிட்டார்கள், படுபாவிகள்.

அதற்குப் பதிலாக வந்தது அந்த லாரி.

பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்தர் மறைந்த பிறகு காட்சி சட்டென்று நம் காலத்துக்குத் தாவுகிறது. தார்ச் சாலை. ஒரு லாரி விர்ரென்று கடந்து போகிறது. சாலையோரமாக முதுகில் பையோடு ஒரு கிழவர் நடந்து போகிறார், ஏரிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். மெர்லின்தான். ஆல்பியனுக்குத் தேவை வரும்போது ஆர்தர் மீண்டும் எழுவார் என்று டிராகன் சொன்னதை நம்பி, இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். பாதிப் பேர் இதை நம்பிக்கை என்றார்கள், பாதிப் பேர் கொடுமை என்றார்கள். எனக்கு முதலில் லாரியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டேன். பழைய வேல்ஸ் ஆண்டுக்குறிப்பில் கேம்லான் போர் 537இல் வருகிறது. கடைசி எபிசோடு 2012இல். 1475 வருடம்!

நீங்கள் நம்பிக்கைக் கட்சியா, கொடுமைக் கட்சியா, கீழே எழுதுங்கள். தலைப்பைப் பார்த்துத் தாடிக்காக வந்து இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தவர்களே, அந்தக் கடைசிக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தாடி இருக்கிறது, வெள்ளையாக, நெஞ்சுவரை.