பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாய் வளர்க்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "வீட்டில் சிங்கம் மாதிரி இருக்கிறது, கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனால் காலுக்குள் நுழைந்துகொள்கிறது, என்ன செய்ய?" பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஒருவர் கையோடு பதிலும் வைத்திருப்பார்: "நாலு நாள் பஸ் ஸ்டாண்டில் கட்டிப் போடு தம்பி, தன்னால பழகிடும்."

பழகாது. அங்கே அது அசையாமல் கிடந்தால் பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் தப்பிக்க வழியில்லாமல் ஒடுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

பயந்த நாய்க்கு முதல் மருந்து தூரம். இந்த விஷயத்தில் கும்பகோணத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மகாமகக் குளம் ஆறு ஏக்கருக்கும் மேல். ஒரு கரையில் ஆட்டோவும் ஜனமுமாக இரைந்தாலும் எதிர்க்கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். மன்னார்குடி ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரை அதைவிட விசாலம். காலையில் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுங்கள்.

எத்தனை அடி தூரம்? அதை நாயின் வாய்தான் சொல்லும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரலைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக் கொண்டு போங்கள். மனசு நிம்மதியாக இருந்தால் உதட்டால் பூப்போல வாங்கிக்கொள்ளும். பயம் ஏறினால் விரலையும் சேர்த்து வெடுக்கென்று பிடுங்கும். இன்னும் ஏறினால் ஈரலை முகர்ந்துகூடப் பார்க்காது. அது வரைக்கும் காத்திருக்காமல், வெடுக்கென்று பிடுங்கும்போதே பின்வாங்கிவிடுங்கள். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவதும், சும்மா சும்மா மூக்கை நக்குவதும் பெரும்பாலும் அதே சேதிதான்.

அப்புறம், வரிசை. முதலில் ஹாரன் கேட்க வேண்டும், நாயின் காது அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் ஈரல். மாற்றிச் செய்தால் ஈரல் பையைத் திறந்தாலே நாய்க்கு உதறல் எடுக்கும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

பயப்படும்போது தின்னக் கொடுத்தால் பயம் வளராதா என்று கேட்பார்கள். வளராது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றி எழுதினார். பையன் பிடித்ததைச் சாப்பிடும் நேரமாகப் பார்த்து, கூண்டிலிருக்கும் முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கிட்டே நகர்த்தினார்கள். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான்.

கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்ட நாய் பின்னால் இழுக்கும்போது தலை உருவிக்கொண்டு வந்துவிடும்; மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். டீக்கடையில் "கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே தலையில் கை வைக்க வருகிறவர்களுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். "பயந்த புள்ள அண்ணே, தொடாதீங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்குள்ளேயே நடுங்குகிற, சாப்பாட்டைத் தொடாத நாய்க்கு இந்த ஈரல் வைத்தியம் போதாது. உடம்பில் எங்காவது வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தேரோட்டம், தீபாவளி நாட்களில் பயிற்சியே வேண்டாம். உள்ளறையில் விட்டு, ஃபேனைப் போட்டு, ரேடியோவையும் கொஞ்சம் சத்தமாக வைத்துவிடுங்கள். நம்ம நிலையமாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். நன்றி, வணக்கம்.