எம்.ஜி.ஆரைக் கோட்டைக்கு அனுப்பியது திரையா, கிளையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"எம்.ஜி.ஆரை முதல்வர் ஆக்கியது திரைப்புகழே" என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். கழுத்துக் கட்டோடு ஒட்டிய 1967ஆம் ஆண்டுச் சுவரொட்டி, கட்சி தொடங்கி ஏழே மாதத்தில் வென்ற திண்டுக்கல், அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே வென்ற 1984 என்று மூன்று சான்றுகளை வைத்தார். ஆட்சியைப் பிடித்துக் கொடுத்தது கட்சி அமைப்பே என்று பேச வந்திருக்கும் நான், அந்த மூன்றையும் என் பக்கத்துச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆருக்குக் குண்டடி. அடுத்த மாதம் தேர்தல். கட்டுப் போட்ட படம் தெருவெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் எம்.ஜி.ஆர். வென்றார். இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது அந்தப் படத்தாலா? அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டும் தி.மு.க. வாங்கிய ஓட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; இரண்டுமே 41 சதவீதத்தை ஒட்டியவை. காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதியிலும் நின்று வாங்கியதை, தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் நின்று வாங்கியது. மற்ற இடங்களை ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உள்ளிட்ட தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்து, எதிர்ப்பு ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொண்டார் அண்ணா. அரிசித் தட்டுப்பாட்டுக் கோபமும் 1965 இந்தி எதிர்ப்பின் சூடும் ஊரெங்கும் இருந்தன. விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அவர் எந்த வெள்ளித்திரையிலிருந்து வந்தார்?

அடுத்து திண்டுக்கல். 1972 அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. தொடக்கம். 1973 மே மாதம் இடைத்தேர்தல். வழக்கறிஞர் மாயத்தேவர் வென்றார், காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடம். "ஏழு மாதக் குழந்தை எப்படி ஓடும்? புகழ்தான் தூக்கிக்கொண்டு ஓடியது" என்றார் எதிரணித் தலைவர். அது ஏழு மாதக் குழந்தை இல்லை, நடுவர் அவர்களே. அதற்கு இருபது வயது நெருங்கியிருந்தது.

எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953இல். அவருடைய ரசிகர் மன்றங்கள் 1957, 1962, 1967, 1971 தேர்தல்களில் தி.மு.க.வுக்கு வேலை செய்தன. கட்சி சொல்லிக்கொடுத்தது, மன்றத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். என்ன கற்றார்கள் என்று விரித்துச் சொல்கிறேன். வழக்கின் உயிரே அங்குதான் இருக்கிறது.

வாக்குச்சாவடியில் உட்காரும் முகவர் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். வந்தவர் பெயரை அவர் அடித்துக்கொண்டே வர வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பட்டியலைப் பார்த்து, நம் தெருவில் இன்னும் வராதவர் யார் யார் என்று வெளியே நிற்கும் ஆளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வந்தவர் கள்ள ஓட்டுப் போட வந்தவர் என்று சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தேர்தல் விதியிலேயே இருக்கிறது. ஆனால் ஆட்சேபிக்க முதலில் முகம் தெரிய வேண்டும். பக்கத்து டவுனிலிருந்து உற்சாகமாக வந்த ரசிகரை முகவராக உட்கார வைத்தால், கண்முன்னே கள்ள ஓட்டு விழும், அவருக்குத் தெரியாது.

அது வாக்குச்சீட்டுக் காலம் வேறு. முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுவில் விழுந்தால் ஓட்டு செல்லாமல் போகக்கூடும். மையை உலர விடாமல் தப்பாக மடித்தால் எதிர்ப்பக்கச் சின்னத்தில் கறை ஒட்டி, எண்ணும் இடத்தில் தகராறு வரும். முதலில் நீளவாக்கில் மடி, பிறகு குறுக்கே மடி என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கைதட்டத் தெரிந்த கூட்டத்துக்கு இது தானாக வந்துவிடாது.

திண்டுக்கல்லில் இன்னொரு சோதனையும் இருந்தது. இரட்டை இலை என்ற சின்னத்தை அதற்கு முன் அந்தக் கட்சிக்காக யாரும் பார்த்ததில்லை. சுவர் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, இலை வரைந்து, இரண்டு விரலைக் காட்டிக் காட்டி ஊருக்குப் பழக்கியது யார்? ஒரே ஒரு நடிகரா? வரையவும் காட்டவும் எளிதான சின்னம் அமைந்ததும் நல்வாய்ப்பு என்பேன்.

திரை தந்தது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அது காது கொடுக்க வைத்தது. எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் இலச்சினையில் ஆணும் பெண்ணும் கறுப்பு சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தபோது கொட்டகை அதிர்ந்தது. அந்த முகம் இல்லாமல் அத்தனை இளைஞர்கள் ஒரு குடைக்கீழ் வந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் ரசிகர் மன்றம் கொட்டகையைச் சுற்றி வளரும். ஓட்டு வாக்குச்சாவடியைச் சுற்றிக் கிடக்கும். கொட்டகை இருப்பது டவுனில், சாவடி இருப்பது குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கட்சியின் ஊர்க் கிளைதான் கடக்கும்.

புகழின் கணக்கையும் பார்ப்போம். 1977இல் எம்.ஜி.ஆர். புகழின் உச்சியில் நிற்கிறார். அ.தி.மு.க. 130 இடங்களை வென்றது. வாங்கிய ஓட்டோ 30 சதவீதத்தை ஒட்டியது. காங்கிரஸ், ஜனதா, தி.மு.க. மூன்றும் தனித்தனியே நின்று எதிர் ஓட்டைப் பிரித்துக்கொண்டன. 1980 ஜனவரியில் தி.மு.க.வும் காங்கிரசும் கைகோத்தன. மக்களவைத் தேர்தலில் 39இல் 37 அவர்களுக்குப் போனது, ஆளுங்கட்சிக்கு இரண்டே இரண்டு. அதே எம்.ஜி.ஆர்., அதே தொப்பி, அதே கண்ணாடி! சில மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். எதிர் அணிக்குள் தொகுதிகளில் சமபங்குப் பிரிவினையும், முதல்வர் யார் என்ற மனக்கசப்பும். அ.தி.மு.க. 129 இடங்களோடு திரும்பியது. அந்த ஆண்டுக்குள் புகழ் இறங்கி ஏறவில்லை, கூட்டணிக் கணக்குதான் ஏறி இறங்கியது.

1984இல் இந்திரா காந்தி படுகொலையின் துயரம் நாடு முழுக்க இருந்தது, காங்கிரஸ் கூட்டணியும் இருந்தது. மருத்துவமனைக் காட்சியை ஒளிநாடாவாக்கி ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது கட்சி. தலைவர் பிரச்சாரத்துக்கு வராமலே ஒரு தேர்தலை முடித்துக்காட்டினார்கள் என்றால், அதைவிட அமைப்புக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

புகழே போதும் என்றால் நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்கு என்ன குறை? அவர் 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணி தொடங்கினார். 1989 தேர்தலில் தஞ்சை மண்ணிலேயே, திருவையாற்றில் தோற்றார். கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிற தோல்வி. காங்கிரசுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அவருடைய மன்றங்களைக் காங்கிரஸ் கூட்டம் சேர்க்கப் பயன்படுத்தியது, கிளையாக வளர்க்கவில்லை என்பது என் துணிபு. விஜயகாந்த் 2006இல் 232 தொகுதிகளில் ஆள் நிறுத்தினார், வென்றவர் அவர் ஒருவரே. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 41இல் நின்று 29 வென்றார். அதே முகம்தான்.

கடைசியாக ஒன்று. எம்.ஜி.ஆர். மறைந்தபின், 1989 ஜனவரித் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றது. இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜானகி அம்மையாருக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதாவுக்குச் சேவல். இரு பக்கமும் எம்.ஜி.ஆர். படத்தைத்தான் தூக்கிப்பிடித்தன. ஜானகி அணிக்கு 2 இடம், ஜெயலலிதா அணிக்கு 27, ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. பிறகு அணிகள் இணைந்தன, சின்னம் திரும்பி வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் தேர்தல், இரண்டிலும் அ.தி.மு.க. வென்றது. அந்த ஏழு வாரத்தில் எம்.ஜி.ஆரின் புகழ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் மருங்காபுரியில் எது வென்றது என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் விடை சொல்லட்டும், நடுவர் அவர்களே.