மிளகும் முளகும்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் இந்நேரம் ஜீப்பில் ஏறியிருப்பீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அடுப்படி வேலை நடந்துகொண்டிருக்கும். வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது உங்கள் அடுப்படியில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான். மிளகு.

குமுளியில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் மலையாளம். பல வீடுகளில் இரண்டும் ஒரே வாயில். இந்த ஒரு சொல் அங்கே சின்ன வயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிளகு நம் மலைக்குச் சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கொடி அது. மிளகாய் நமக்குச் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவரும் வரை இந்தியாவில் ஒருவர் நாக்கிலும் மிளகாய் பட்டதில்லை. மதுரையிலும் இல்லை, குண்டூரிலும் இல்லை. காரம் வேண்டுமென்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, அவ்வளவுதான். இதைச் சொன்னால் இன்றைக்கும் பலர் நம்ப மாட்டார்கள். மிளகாய் இல்லாமல் எப்படிக் குழம்பு வைத்தார்கள் என்று கேட்பார்கள். மிளகு போட்டுத்தான் வைத்தார்கள்.

சங்கப் பாட்டில் மிளகுக்குக் 'கறி' என்று பெயர். யவனரின் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் முசிறி என்று அகநானூறு சொல்கிறதே, அந்தக் கறி மிளகுதான். 'மிரியல்' என்று இன்னொரு பெயரும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் மிளகு மூட்டை சுமந்து போகின்றன. அந்த மூட்டைகள் பார்ப்பதற்குப் பலாப்பழம் போல இருந்தனவாம். நம் ஊரில் மிளகுக்கொடியைப் பலாமரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மிளகும் பலாவும் அன்றைக்கே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. 'மிரியல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தெலுங்குக்குப் போகும்போது வேண்டும்.

சரி, மிளகாய் வந்து இறங்கியது. யாரும் பார்த்திராத காய். அதற்கு என்ன பெயர் வைப்பது? காரமாக இருக்கிறது. நமக்குத் தெரிந்த காரம் மிளகு. ஆகவே மிளகுபோல் காரமுள்ள காய், மிளகு காய், மிளகாய். தெலுங்கிலும் இதே கதைதான். மிளகுக்கு மிரியாலு, மிளகாய்க்கு மிரபகாய. பழைய மிரியல் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது பாருங்கள். கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. மூன்று மொழிக்காரர்களும் பழையவருக்குப் பழைய பெயரை விட்டுவிட்டு, புதிதாக வந்தவருக்குக் 'காய்' என்று வால் சேர்த்தார்கள்.

மலையாளத்தில் நடந்ததுதான் விசேஷம். அங்கேயும் மிளகுக்கு முளகு என்றுதான் பெயர். மிளகாய் வந்தபோது பறங்கிமுளகு என்றார்கள், கப்பல்முளகு என்றார்கள். பறங்கியர் கொண்டுவந்தது, கப்பலில் வந்தது என்று அர்த்தம். வேர்க்கடலையைக் கேரளத்தில் கப்பலண்டி என்பதைக் கேட்டிருப்பீர்கள், அதே கணக்கு. அப்புறம் காலம் போகப் போக அந்த முன்னொட்டு உதிர்ந்துவிட்டது. மிளகாயே வெறும் முளகு ஆகிவிட்டது. பச்சமுளகு, வற்றல்முளகு, முளகுபொடி எல்லாமே இன்றைக்கு மிளகாய். அந்த மலையிலேயே பிறந்த மிளகு 'குருமுளகு' ஆகிவிட்டது. குரு என்றால் அங்கே கொட்டை, விதை. தெற்கே நல்லமுளகு என்பார்கள். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்களும் நல்லமிளகு என்றுதான் கடையில் கேட்பார்கள்.

வண்டிச் சத்தத்தில் சிலருக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். தமிழில் மிளகு என்றால் மிளகு. மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். ஒரு உயிரெழுத்துத்தான் வித்தியாசம்.

அந்த ஒரு எழுத்து என்ன பாடு படுத்தும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கல்யாணத்தையே சொல்கிறேன். என் அக்கா கல்யாணம். சமையலுக்கு உத்தமபாளையத்திலிருந்து ஒரு மாஸ்டர் வந்திருந்தார். கைப்பக்குவத்துக்குப் பேர் போனவர். காலையில் வெண்பொங்கல், மத்தியானம் ரசம், இரண்டுக்கும் மிளகு தாராளமாக வேண்டும் என்று சாமான் லிஸ்ட்டில் 'மிளகு 2 கிலோ' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வரி 'மிளகாய் வத்தல் 3 கிலோ'. லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு என் சித்தப்பா கடைக்குப் போனார். கடையில் அன்றைக்கு ஒரு மலையாளப் பையன். தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. சித்தப்பா வாசிக்க வாசிக்க அவன் கட்டிக்கொண்டே வந்தான். 'மிளகு ரெண்டு கிலோ' என்றார். அவன் காதில் முளகு என்று விழுந்தது. அடுத்த வரியில் வற்றல் வருகிறது, அப்படியானால் முதலில் சொன்னது பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். அவன் பக்கம் அது சரியான யோசனைதான். இரண்டு கிலோ பச்சை மிளகாயை நிறுத்து, பொட்டலம் கட்டி, மூட்டையோடு மூட்டையாக வைத்துவிட்டான்.

விடியற்காலையில் மாஸ்டர் பொட்டலத்தைப் பிரிக்கிறார். பொங்கல் குழைந்து நிற்கிறது, நெய் காய்கிறது, பொட்டலத்துக்குள் பச்சைப் பசேலென்று மிளகாய். "யாருய்யா சாமான் வாங்கியது?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். சித்தப்பா, "மிளகுன்னுதான் மாஸ்டர் சொன்னேன்" என்கிறார். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

பக்கத்து வீட்டில் ஒரு அம்மச்சி இருந்தார். சத்தம் கேட்டு வேலியோரம் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னோம். "நிங்ஙள்க்கு வேண்டது குருமுளகல்லே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அது மிளகு பறிக்கும் பருவம். அவர் முற்றத்தில் ஈச்சம்பாயில் சரம் சரமாகக் காயப் போட்டிருந்தது. ஆனால் அதைத் தொடவில்லை. உள்ளேயிருந்து போன வருஷத்துச் சரக்கை ஒரு தகரடப்பாவோடு கொண்டுவந்தார். காயாத மிளகு பொங்கலில் கசக்கும் என்றார். மாஸ்டர் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, நேராக நெய்யில் கொட்டினார். அந்த வாசம் தெரு முழுக்கப் பரவியது. அந்தப் பொங்கலைப் பற்றி அத்தான் வீட்டார் இன்றைக்கும் பேசுவார்கள்.

மிளகு காய்வதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொடியில் அது பச்சையாகத்தான் இருக்கும், நீளச் சரத்தில் முத்துக் கோத்ததுபோல. பறித்ததும் சரத்தைப் பாயில் போட்டுக் காலால் மிதித்து மணியைப் பிரிப்பார்கள். மிதிக்கிறவர் பாதத்தில் அந்த எரிச்சல் ராத்திரி வரைக்கும் நிற்கும். வெயில் ஏற ஏறப் பச்சை மங்கிப் பழுப்பாகி, நாலைந்து நாளில் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். அப்போதுதான் காய்ந்தது என்று அர்த்தம்.

இப்போது வெளியூர் போவோம். கொலம்பஸ் 1492இல் புறப்பட்டது எதற்கு? இந்தியாவுக்கு வழி கண்டுபிடிக்க, மிளகும் மற்ற வாசனைச் சரக்கும் வாங்க. போய்ச் சேர்ந்தது கரீபியன் தீவுகளில். அங்கே இருந்தவர்கள் 'அஹி' என்று ஒரு காயைத் தின்றார்கள். 1493 ஜனவரியில் கொலம்பஸ் தன் குறிப்பில், இதுதான் இவர்களுடைய மிளகு என்று எழுதிவைத்தார். அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஸ்பானிய மொழியில் மிளகு பிமியேந்தா, மிளகாய் பிமியேந்தோ. கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது, நம் மிளகு முளகு மாதிரியே! இத்தாலியில் மிளகு பேப்பே, அதைப் பெரிதாக்கினால் குடைமிளகாய்க்குப் பேப்பரோனே, சிறிதாக்கினால் காரமிளகாய்க்குப் பேப்பரொன்சீனோ. இந்த பெப்பர், பேப்பே எல்லாவற்றுக்கும் மூலம் எது தெரியுமா? பிப்பலி. நம் திப்பிலியின் வடமொழிப் பெயர். அது கிரேக்கத்துக்குப் போய் பெப்பெரி, லத்தீனில் பிப்பெர், அரபியில் ஃபில்ஃபில், துருக்கியில் பிபெர் என்று ஆனது.

மலையாளத்தில் நடந்தது மலையாளத்தில் மட்டும் நடக்கவில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். துருக்கியில் இன்று பிபெர் என்றால் மிளகாய். மிளகைக் கேட்க வேண்டுமானால் கராபிபெர், அதாவது கறுப்பு பிபெர் என்று சொல்ல வேண்டும். இந்தியில் மிர்ச் என்றால் மிளகாய், மிளகு காலி மிர்ச். சிங்களத்தில் மிரிஸ் என்றால் மிளகாய், மிளகு கம்மிரிஸ், ஊர் மிரிஸ் என்று பொருள். தாய்லாந்தில் பிரிக் என்றால் மிளகாய், மிளகு பிரிக்-தாய், தாய்நாட்டு பிரிக். ஊருக்குள் முன்பே இருந்தது எது என்று அந்தப் பெயரிலேயே தெரிகிறது. இந்த மொழிகளிலெல்லாம் வெறும் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டு, மிளகுக்கு அடைமொழி கொடுத்து அனுப்பிவிட்டது. தமிழிலோ, தெலுங்கையும் கன்னடத்தையும் போலவே, இத்தனை மிளகாய் தின்றும் மிளகு மிளகாகவே நிற்கிறது. இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ரசமும் பொங்கலும் மருந்துக் கஷாயமும் மிளகை விடாமல் வைத்திருப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. மிளகாய் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு நாட்டையும் கேட்டால் எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள். இலங்கைத் தமிழர்கள் கொச்சிக்காய் என்கிறார்கள், கொச்சியிலிருந்து வந்த காய். வங்காளத்தில் அதே காய்க்கு லங்கா என்று பெயர். ஹங்கேரியில் முதலில் துருக்கி மிளகு என்றார்கள், பாப்ரிகா என்ற பெயர் பிறகுதான் வந்தது. ஜெர்மனியில் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற மூலிகை அறிஞர் 1542இல் மிளகாய்ச் செடியை அழகாகப் படம் போட்டு அச்சிட்டார். என்ன பெயர் போட்டார் தெரியுமா? கள்ளிக்கோட்டை மிளகு! கொலம்பஸ் கிளம்பி ஐம்பதே வருஷம். மெக்சிகோவில் 'சில்லி' என்று அங்குள்ளவர்கள் தங்கள் மொழியில் கூப்பிட்ட செடி, ஐரோப்பாவில் நம் கோழிக்கோட்டுச் சரக்காகிவிட்டது. பிரேசிலில் இதற்கு நேர் எதிர். மிளகாய் அந்த மண்ணுக்குச் சொந்தம், மிளகுதான் அங்கே விருந்தாளி. அது போர்ச்சுகல் வழியாக வந்ததால் அதற்குப் பிமெந்தா-தோ-ரெய்னோ, ராஜ்யத்து மிளகு என்று பெயர். மலபார்க் கொடிக்கு லிஸ்பன் விலாசம்.

எனக்கு மிகவும் பிடித்தது காஷ்மீரிப் பெயர். மர்ச்சுவாங்குன் என்பார்கள். மர்ச் என்றால் மிளகு, வாங்குன் என்றால் கத்தரிக்காய். மிளகுக் கத்தரி! தாவரவியல்படி இதுதான் சரி. மிளகாய், கத்தரி, தக்காளி, சுண்டைக்காய் எல்லாம் ஒரே குடும்பம். மிளகு வெற்றிலையின் குடும்பம். அடுத்த தடவை தோட்டத்தில் மிளகு இலையையும் வெற்றிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிறது என்று கைகாட்டுகிறார்கள். சீனாவையும் ஜப்பானையும் நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓடிக்கொண்டே சொல்கிறேன். சீனாவில் ஜியாவ் என்ற உள்நாட்டுக் காரமணி ஒன்று இருந்தது. மிளகு போனபோது அதை ஹூஜியாவ், வெளிநாட்டு ஜியாவ் என்றார்கள். மிளகாய் போனபோது லாஜியாவ், எரிக்கிற ஜியாவ். ஜப்பான்காரர்கள் மிளகாயைத் தோகராஷி, சீனத்துக் கடுகு என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்களுக்கு அது பிலிபிலி, அதே பழைய பிப்பலிதான். காந்தாரி என்கிற சின்னக் காரமிளகாய் யாரும் நடாமலே வேலியோரம் முளைக்கிறதே, அது பறவைகள் போட்ட விதை. மிளகாயின் எரிச்சல் பறவை நாக்குக்குத் தெரியாது. அதை விளக்கவே தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டிமார் மிளகுக்கும் மிளகாய்க்கும் வேறு பெயர் ஏதாவது சொன்னால் ஒரு அஞ்சலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். எந்த ஊர்ப் பெயர் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.