கோச்சைத் தூக்குறதா, வச்சுக்கிறதா? ஓனர் பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வி

[திரையில்: டென்வர் நகெட்ஸ் அணியின் சின்னம். கீழே தேதி, 2025 ஏப்ரல் 8]

சீசன் முடிய மூணே ஆட்டம் பாக்கி. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-ல ஆடுற டென்வர் நகெட்ஸ், பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போற நிலைமையில இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி, 2023-ல, அந்த அணிக்கு முதல் என்பிஏ பட்டத்தை வாங்கிக் குடுத்த கோச் மைக்கேல் மலோன். அவரை அன்னைக்குத் தூக்கிட்டாங்க. கூடவே ஆட்டக்காரங்களை வாங்கி விக்கிற ஜெனரல் மேனேஜரையும்.

அதுக்கு ரெண்டு வாரத்துக்குள்ளதான் மெம்ஃபிஸ் அணி தன் கோச் டெய்லர் ஜென்கின்ஸை அனுப்பியிருந்துச்சு. அங்க 9 ஆட்டம் மிச்சம். அப்புறம் ஜூன் 3. நியூயார்க் நிக்ஸ் அணியை 25 வருஷம் கழிச்சு கிழக்குப் பிரிவு இறுதி வரைக்கும் கூட்டிட்டுப் போன டாம் திபொடோவுக்கும் அதே கதி.

[திரையில்: விடிகாலை, புதுச்சேரி கடற்கரைச் சாலை. நடக்கிறவங்க, ஃபோனைப் பார்த்துக்கிட்டே வர்ற ரெண்டு பசங்க]

அமெரிக்காவுல ராத்திரி ஏழு மணி ஆட்டம், குளிர்காலத்துல நமக்குக் காலை அஞ்சரை. புதுச்சேரியில அதைப் பார்க்கிறவங்க ரெண்டு ரகம். உப்பளம் ஸ்டேடியம் பக்கம் பந்தோட போயிட்டு வந்து ஸ்கோர் தேடுறவங்க ஒரு ரகம். பாரீஸ்ல சித்தப்பாவோ அத்தையோ இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க இன்னொரு ரகம். இவங்க பிரெஞ்சுக்காரர் டோனி பார்க்கர் ஆடின காலத்துலேந்தே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கட்சி. இப்போ லீவுக்கு வர்றவங்க பெட்டியில அதே அணியோட இன்னொரு பிரெஞ்சு ஆட்டக்காரர் வெம்பன்யாமா ஜெர்சி வருது.

ரெண்டு ரகமும் என்கிட்ட கேக்கிற கேள்வி மட்டும் ஒண்ணுதான். "அண்ணே, இந்தக் கோச்சை இன்னும் எதுக்குண்ணே வச்சிருக்காங்க?"

என் பதில் இது. தூக்கலாம் தம்பி. ஆனா அடுத்து வர்றவர் நாளைக்குக் காலையில பிராக்டிஸ்ல எதை மாத்துவார்னு ஒரே வரியில சொல்லு. சொல்ல வரலைன்னா, இருக்கிறவரை விட்டுடு.

சரி, அணி தோத்தா முதல்ல கோச் தலை ஏன் உருளுது? காரணம் ரொம்ப சாதாரணம், கணக்கு. ஒரு அணியில 15 பேருக்கு முழு ஒப்பந்தம். பெரும்பாலும் உத்தரவாதமான பணம். யாருக்கு எவ்வளவு குடுக்கலாம்னு சம்பள உச்சவரம்பு இருக்கு. 2023-ல வந்த புது ஒப்பந்த விதிகள் அதை இன்னும் இறுக்கிடுச்சு. ரொம்ப அதிகமா செலவு பண்ற அணி, ரெண்டு மூணு பேர் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை மாத்தி வாங்கவே முடியாது. கோச் சம்பளம் இந்தக் கணக்குல வராது. ஓனர் கைக்காசைக் குடுத்தா முடிஞ்சுது. டெட்ராய்ட் 2023-ல மான்டி வில்லியம்ஸுக்கு 6 வருஷம், 78.5 மில்லியன் டாலர்னு எழுதிக் குடுத்தாங்க. அணி வரிசையா 28 ஆட்டம் தோத்துச்சு. 14 வெற்றி, 68 தோல்வி. ஒரே வருஷத்துல அனுப்பிட்டாங்க, மிச்சப் பணம் அவருக்குத்தான். 15 பேரை மாத்த முடியாது, ஒருத்தரை மாத்தலாம். ரசிகனுக்கும் ஏதோ நடந்த மாதிரி இருக்கும்.

நம்ம ஊர் ஸ்கூல் டீம்ல இந்தப் பிரச்சினையே இல்லை. பி.டி. மாஸ்டரை யாரும் தூக்க முடியாது, அவர்தான் நம்மளைத் தூக்குவார்.

[திரையில்: காலி கோர்ட். மேலே "240" என்ற எண்]

ஒரு கோச் கையில உண்மையில என்ன இருக்கு? 48 நிமிஷ ஆட்டம், கோர்ட்ல 5 பேர். பெருக்கினா 240 நிமிஷம். அந்த 240-ஐ யாருக்குப் பங்கு போடுறதுங்கிறதுதான் அவரோட முதல் சொத்து. ரெண்டாவது, எதிரணி பிக் அண்ட் ரோல் (பந்து வச்சிருக்கிறவரைத் தடுக்கிற ஆளைக் கூட்டாளி மறிச்சு நின்னுட்டு, கூடைப் பக்கம் ஓடுறது) போடும்போது நம்ம உயரமான ஆள் கூடைகிட்டயே நிக்கணுமா, முன்னாடி ஏறி வரணுமா, ஆளை மாத்திக்கணுமான்னு முடிவு பண்றது. மூணாவது, ஏழு டைம்அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்திப் பேசுற வாய்ப்பு. நாலாவது இருக்கு, அதை எண்ணிக் காட்ட முடியாது: அந்த 15 பேர் இவர் பேச்சைக் கேக்கிறாங்களா இல்லையா. பந்து கூடையில விழுறதும் முட்டி பிசகுறதும் இவர் கையில இல்லை.

இப்ப அந்த ஒரு வரிப் பரீட்சைக்கு வருவோம்.

[திரையில்: கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 2014]

2013-14 சீசன்ல மார்க் ஜாக்சன் 51 ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்தார். தடுப்பாட்டம் பிரமாதம். ஆட்டக்காரங்க அவர்மேல உயிரா இருந்தாங்க. பிளேஆஃப் முதல் சுற்றுல கிளிப்பர்ஸ்கிட்ட ஏழாவது ஆட்டத்துல தோத்தாங்க. அவரைத் தூக்கிட்டு, அதுவரைக்கும் எந்த அணிக்கும் கோச்சா இல்லாத ஸ்டீவ் கெரைக் கொண்டாந்தாங்க. மேலோட்டமா பார்த்தா அநியாயம். ஆனா ஒரு விஷயம் உறுத்திச்சு. ஸ்டெஃபன் கறி மாதிரி தூரத்துலேந்து எறியுறதுல கெட்டிக்காரரை வச்சுக்கிட்டு, அந்த சீசன்ல லீகிலேயே குறைவா பாஸ் பண்ண அணி வாரியர்ஸ்தான். பந்து ஒருத்தர் கையில நிக்கும், மத்த நாலு பேரும் வேடிக்கை பார்ப்பாங்க.

கெர் வர்றப்பவே பதில் கையில இருந்துச்சு: பந்து நகரணும், ஒரு ஆட்டத்துக்கு 300 பாஸ். இகுடாலா மாதிரி ஆளை பெஞ்சுக்கு அனுப்பினார். டேவிட் லீ காயம்பட்டதால டிரேமண்ட் கிரீனுக்கு இடம் கிடைச்சது அதிர்ஷ்டம்தான், அதை மறைக்க வேண்டாம். முக்கியமான ஆட்கள் அதே ஆட்கள். 67 வெற்றி, 15 தோல்வி, 40 வருஷம் கழிச்சுப் பட்டம். நல்லா ஓடுற கோச்சைத் தூக்கினது சரின்னு நான் அடிச்சுச் சொல்ற கேஸ் இது.

[திரையில்: மில்வாக்கி பக்ஸ், 2023]

இதுக்கு நேர் எதிர் மில்வாக்கி. மைக் பூடன்ஹோல்சர் 2021-ல பட்டம் வாங்கிக் குடுத்தவர். 2023-ல 58 ஆட்டம் ஜெயிச்சு முதல் இடம், ஆனா முதல் சுற்றுலயே மயாமிகிட்ட 4-1. நாலாவது ஆட்டத்துல ஜிம்மி பட்லர் ஒத்தை ஆளா 56 பாயின்ட் போட்டார். கடைசி ஆட்டத்தோட கடைசி நொடிகள்ல டைம்அவுட்டைக் கையில வச்சுக்கிட்டே கோச் கேக்காம நின்னார். கோவம் வரத்தான் செய்யும். அணியோட நட்சத்திரம் யானிஸ் முதுகுல அடிபட்டு முழுசா ஆடலைங்கிறது அந்தக் கோவத்துல காணாமப் போச்சு.

தூக்கிட்டு யாரைக் கொண்டாந்தாங்க? ஏட்ரியன் கிரிஃபின். தலைமை கோச்சா அனுபவம் இல்லை, கெருக்கும்தான் இல்லை, அது குத்தமில்ல. ஆனா பூடன்ஹோல்சர் கட்டின தடுப்பாட்ட முறை அந்த அணிக்குப் பொருந்தித்தான் இருந்துச்சு. அதைக் கிரிஃபின் கலைச்சுப் பார்த்தார். தடுப்பாட்டத்துக்குத் தூணா இருந்த ஜ்ரூ ஹாலிடேயையும் மில்வாக்கி நிர்வாகம் ஏற்கெனவே வித்து, பாயின்ட் போடுறதுல பேர்போன லில்லார்டை வாங்கியிருந்துச்சு. பழைய முறைக்கே போகலாம்னு ஆட்டக்காரங்களே கேக்கிற நிலைமை வந்துச்சு. 30 வெற்றி, 13 தோல்வியோட இருந்தவரை 2024 ஜனவரியில தூக்கினாங்க. அடுத்து டாக் ரிவர்ஸ். அவர் கீழ 17 வெற்றி, 19 தோல்வி, மறுபடியும் முதல் சுற்றுல வெளிய. ஒரு வருஷத்துக்குள்ள மூணு கோச். "பூடன்ஹோல்சர் வேண்டாம்"னு தெரிஞ்சுது, என்ன வேணும்னு தெரியலை.

[திரையில்: ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2021 டிசம்பர் 2, ஸ்கோர் 152-79]

இந்த ஸ்கோரைப் பாருங்க. மெம்ஃபிஸ்கிட்ட 73 பாயின்ட் வித்தியாசத்துல தோல்வி. என்பிஏ வரலாற்றுலயே இதைவிட மோசமான தோல்வி கிடையாது. தோத்த அணியோட கோச் மார்க் டேக்நால்ட், அப்ப வயசு 36. முதல் வருஷம் 22 வெற்றி, ரெண்டாவது வருஷம் 24. நம்ம உப்பளம் கட்சி அப்பவே தூக்குன்னு சொல்லியிருக்கும்.

ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டி அசையலை. ஏன்னா அந்தத் தோல்விங்க திட்டத்துலயே இருந்துச்சு. 2019-ல பால் ஜார்ஜைக் குடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஒரு குவியல் டிராஃப்ட் வாய்ப்புகளையும் (தோத்த அணிகளுக்கு முன்னுரிமை குடுத்து, புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்க விடுறது) வாங்கியிருந்தாங்க. டேக்நால்டுக்குக் குடுத்த வேலை, சின்னப் பசங்களை ஆளாக்குறது. அந்த வேலையை அவர் செஞ்சாரான்னுதான் பார்த்தாங்க. அப்புறம் 40, 57, 68 வெற்றி. 2025 ஜூன்ல பட்டம்.

பாரீஸ் கட்சிக்கு ஒரு விஷயம் சொல்லணும். ஸ்பர்ஸ்ல 29 சீசன் உக்காந்து 5 பட்டம் வாங்கின கிரெக் பாபோவிச் எப்படி வந்தார் தெரியுமா? 1996 டிசம்பர்ல அவர்தான் ஜெனரல் மேனேஜர். 3 வெற்றி 15 தோல்வின்னு தடுமாறின பாப் ஹில்லைத் தூக்கிட்டு அந்த நாற்காலியில தானே உக்காந்துட்டார். டேவிட் ராபின்சன் காயத்துல இருந்த நேரம். பாபோவிச் வந்தும் ஒண்ணும் கிழியலை, அவர் கீழ 17 வெற்றி, 47 தோல்வி. அந்த மோசமான சீசன்தான் டிராஃப்ட்ல டிம் டங்கனைக் கொண்டாந்துச்சு. 1999-லயும் 6 வெற்றி 8 தோல்வின்னு ஆரம்பிச்சப்போ இவர் வேலையும் போகும்னு பேச்சு அடிபட்டுச்சு. அதுக்கப்புறம் ஆடின 36-ல 31 ஜெயிச்சு, அந்த வருஷமே முதல் பட்டம். அந்தப் பதினாலு ஆட்டத்தோட நிறுத்தியிருந்தா பார்க்கருக்கும் வெம்பன்யாமாவுக்கும் வேற கோச்தான்.

[திரையில்: தேங்காய்த்திட்டு துறைமுகம், கட்டி நிக்கிற விசைப்படகுகள்]

"ஆனா கோச்சை மாத்தினதும் ஜெயிக்கிறாங்களேண்ணே"ன்னு ஒரு தம்பி விடாம கேப்பான். ஜெயிப்பாங்க. எப்பத் தூக்குறாங்கன்னு பாரு. அணி அடிமட்டத்துல கிடக்கும்போதுதான் தூக்குறாங்க. அங்கேந்து யார் இருந்தாலும் கொஞ்சம் மேல வரத்தான் போகுது. காயம்பட்டவன் திரும்பி வருவான், சொந்த ஊர் ஆட்டங்கள் வரும், விழாத பந்து விழ ஆரம்பிக்கும். நம்ம 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல படகு டிரைவரை மாத்திட்டு, ஜூன் 15-ம் தேதி வலை நிறைஞ்சு வந்ததும் புது டிரைவருக்கு மாலை போடுற கதைதான். அன்னைக்கு எல்லாப் படகுக்கும் மீன் உண்டு.

டொரன்டோ கேஸும் இப்படிக் கொஞ்சம் குழப்பம். 2018-ல 59 ஆட்டம் ஜெயிச்ச டுவேன் கேசியைத் தூக்கினாங்க. தூக்கினதுக்கு அப்புறம் அந்த வருஷத்தோட சிறந்த கோச் விருது அவருக்கே வந்துச்சு, கூத்து. அடுத்த வருஷம் நிக் நர்ஸ் பட்டம் வாங்கினார். நடுவுல நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனர்டும் வந்துட்டார். எது எதனால நடந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன்.

[திரையில்: நியூயார்க் நிக்ஸ், 2025]

கடைசியா நிக்ஸ். திபொடோ மேல இருந்த புகார் பழசு: முதல் அஞ்சு பேரைப் பிழிஞ்சு எடுப்பார். 2024-25-ல ஜாஷ் ஹார்ட் சராசரியா 37 நிமிஷத்துக்கு மேல ஆடினார், லீகிலேயே அதிகம். நிமிஷத்தைக் குறைக்கணும்னு மிகல் பிரிட்ஜஸ் வெளிப்படையாவே பேசினார். கிழக்குப் பிரிவு இறுதியில இந்தியானாவோட முதல் ஆட்டத்துல மூணு நிமிஷம்கூட மிச்சம் இல்லாதப்ப 14 பாயின்ட் முன்னிலையை விட்டுட்டு ஓவர்டைம்ல தோத்தாங்க. மூணாவது ஆட்டத்துலதான் திபொடோ ஹார்ட்டை பெஞ்சுல உக்கார வச்சு மிட்செல் ராபின்சனை இறக்கினார். அந்த ஆட்டம் ஜெயிச்சாங்க. ஆக அவருக்கு மாத்தத் தெரியும், ரொம்ப லேட்டா மாத்தினார்.

அதனால, குறை இருந்துச்சு, ஒப்புக்கிறேன். ஆனா தூக்கின பிறகு நிக்ஸ் என்ன பண்ணாங்க? வேற அணியில வேலையில இருக்கிற கோச்சுங்ககிட்ட பேச அனுமதி கேட்டு டல்லஸ், ஹூஸ்டன், மினசோட்டான்னு கதவு கதவா தட்டினாங்க. எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. கடைசியில ஜூலையில மைக் பிரவுன். 2023-ல ஒரு ஓட்டு பிசகாம சிறந்த கோச்சா தேர்வானவர், சாக்ரமென்டோவை 16 வருஷம் கழிச்சு பிளேஆஃபுக்குக் கொண்டு போனவர். 2024 டிசம்பர்ல அதே அணி அவரைத் தூக்கிடுச்சு. அதுக்கு முன்னாடி 2010-ல கிளீவ்லாந்து, 2012-ல லேக்கர்ஸ் வெறும் அஞ்சு ஆட்டத்துல, 2014-ல மறுபடி கிளீவ்லாந்து. நாலு தடவை தூக்கப்பட்டவரைத் தேடிப் போய் எடுத்திருக்காங்க. 30 நாற்காலிதானே, அதே ஆளுங்கதான் சுத்திச் சுத்தி வருவாங்க.

பிரவுன் தரப்புல சொல்லக்கூடிய ஒரு வரி இருக்கு: வேகமா ஆடணும், பெஞ்சுல இருக்கிறவங்களை உள்ள விடணும். இதுக்குத்தான் மாத்தினாங்கன்னா, அது நிமிஷக் கணக்குல தெரிஞ்சே ஆகணும். அடுத்த தடவை நிக்ஸ் ஆட்டம் பார்க்கும்போது ஸ்கோரை விடுங்க. ரெண்டாவது குவார்ட்டர் ஆரம்பத்துல கோர்ட்ல யார் யார் நிக்கிறாங்கன்னு எண்ணுங்க, ஆட்டம் முடிஞ்சதும் முதல் அஞ்சு பேரோட நிமிஷத்தைக் கூட்டிப் பாருங்க. அந்தக் கணக்கைக் கீழ போடுங்க, சேர்த்துப் பார்க்கலாம்.